வெளித்தாளம்

ரவிச்சந்திரனின் மடியில் கேபிள் கிடந்தது. அதன் இரு முனைகளும் எதிலும் செருகப்படவில்லை. ஆனாலும் இரண்டாவது கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

ஓடக்கூடாது. சங்கீதம் தெரியாதவனுக்கும் புரிகிற விஷயம்தான். முதல் கம்ப்யூட்டரில் கீபோர்டும் தபேலாவும் இருந்தன. இரண்டாவதில் பாட்டுக்குரல் பதிவாகும். இரண்டையும் அதனதன் போக்கில் விட்டால் மூன்றாவது வரிக்குள் குரல் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம் என்று போய்விடும். அதனால் முதலாவது கேபிள் வழியே தாளத்தை அனுப்பும், இரண்டாவது அதைக் கேட்டுப் பின்னாலேயே போகும். தாளம் வராவிட்டால் அசையாது. ரவி முதலாவதற்குக் கங்காணி என்றும் இரண்டாவதற்கு ஆள் என்றும் பெயர் வைத்திருந்தான். இலங்கையில் கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்து, பத்து வயதில் இந்த மலைக்கு வந்தவனுக்கு, ஒருவர் சொல்லி ஒருவர் செய்வதென்றால் வேறென்ன பெயர் தோன்றும்? ரெக்கார்டிங் ரூம் முதலாளி தரணிதரன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அந்தப் பெயர்களை அட்டையில் எழுதி ஒட்டியும் விட்டார்.

இப்போது கங்காணி சும்மா நின்றது. ஆள் போய்க்கொண்டிருந்தது.

ஆடி மாதம், பிற்பகல் மூன்று மணி. மஞ்சூருக்குக் கீழே இருந்த அந்த டீ ஃபேக்டரியின் ஜன்னல்களில் மூடுபனி வந்து அப்பியிருந்ததில், உள்ளே பகலும் இல்லை, இருட்டும் இல்லை, டியூப்லைட்டின் வெளிறிய வெளிச்சமும் தகரக் கூரையில் விடாமல் பெய்யும் மழையின் இரைச்சலும் மட்டுமே இருந்தன. பச்சைத்தேயிலை விலை விழுந்து ஃபேக்டரியை மூடி இரண்டு வருஷம். சும்மா கிடந்த கட்டடத்தில் டீத்தூள் கட்டும் அறையைத் தரணிதரன் வாடகைக்குப் பிடித்து, பழைய சாக்குகளைச் சுவரில் அடித்து, சாமி பாட்டு கேசட் போட ஆரம்பித்திருந்தார்.

ரவியின் மனைவி சரிதா கண்ணாடிக்கு அப்பால், மைக் முன்னால், ஹெட்போனுடன் நின்றாள். எட்டு வருஷம் இதே எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். வேலை போனதும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவதாகப் பையைக் கட்டிவிட்டாள். அவளை நிறுத்தியது ரவிதான். "உன் குரலுக்கு இங்கயே வேலை இருக்கு, போகாத" என்று கெஞ்சி நிறுத்தினான். அவள் இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக் குரலைச் சாக்காகச் சொன்னான்.

அவன் கோயமுத்தூரில் இருந்த முதலாளிக்குப் போன் போட்டான்.

"ஏனுங்க ரவி, கேபிளு சரியா மாட்டீருக்குதுங்களா?" என்றார் தரணிதரன்.

"கேபிளு என் மடியில கெடக்குங்க."

"அப்புடி ஓடாதுங்க. ஆராச்சும் வெளிய இருந்து தாளம் குடுத்தாத்தான் அது நகரும். செட்டிங்கைப் பாருங்க, என்னங்க?" லைன் அறுந்துபோனது.

செட்டிங் சரியாகத்தான் இருந்தது. வெளித்தாளம் என்ற இடத்தில் பச்சைப்புள்ளி மின்னி மின்னி அணைந்தது, எங்கிருந்தோ தாளம் வருகிறது என்று அர்த்தம். வேகம் நிமிஷத்துக்குத் தொண்ணூற்றாறு அடியில் இருக்க வேண்டும். எண்பது என்று காட்டியது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுபதானது, பிறகு அறுபதில் வந்து நின்றது. அப்போதுதான் அந்த வாசனை வந்தது: மேல்மாடியில், கொழுந்தைப் பரப்பி இரவெல்லாம் வாட்டும் பலகைத் தட்டுகளிலிருந்து, பச்சையும் இனிப்பும் லேசான புளிப்புமாக இறங்கிவரும் அந்த வாசனை, இரண்டு வருஷமாக ஓர் இலைகூட ஏறாத மாடியிலிருந்து படி வழியே மெதுவாக இறங்கி வந்து அறையை நிறைத்தது.

ஸ்பீக்கரில் சரிதாவின் குரல் கேட்டது. பாட்டு இல்லை.

"வந்துட்டேங்கய்யா."

ரவி அவளோடு பேசுவதற்கான டாக்பேக் பட்டனை அழுத்தினான். "யாருக்குப் பதில் சொல்ற?"

"நீங்கதானே கூப்டீங்க? பெரட்டுல கூப்புடுற மாதிரி, எங்கப்பா பேரையும் சேத்து. வெளையாடுறீங்களா?" அவள் சிரித்தாள்.

ரவி கூப்பிடவே இல்லை. பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. குரல் கொடுக்காதவருக்கு அன்றைக்கு வேலை இல்லை. அதனால் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் தூக்கத்தில் பெயர் கேட்டாலும் யார் என்று பார்க்காமல் பதில் சொல்லிவிடுவார்கள். சரிதாவும் அப்படித்தான் சொல்லிவிட்டாள்.

"ஹெட்போனைக் கழட்டு சரிதா."

"ஏன்? தாளம். நல்லா. இருக்கே." ஒவ்வொரு சொல்லும் ஒரு அடியில் விழுந்தது.

அவன் சத்தத்தைக் கூட்டினான். வழக்கமான டிக் டிக் இல்லை. தோல். காய்ந்த தோலில் குச்சி விழுகிற சத்தம். சின்ன வயதில், விடியுமுன் லயத்து ஆட்களையெல்லாம் எழுப்பிய தப்புப் பறை. கடல் தாண்டி வந்தபின் அவன் அதைக் கேட்டதே இல்லை.

அடிக்கு ஒருமுறை குரல்மீட்டர் எழுந்து தணிந்தது. அவள் மூச்சு. அடிக்கு ஒரு மூச்சு. அவளுடைய இரண்டு கைகளும் உயர்ந்தன, காற்றில் எதையோ கிள்ளின, தோளுக்குப் பின்னால் போட்டன.

அவன் ஓடிப்போய் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். கை நிற்கவில்லை. மூச்சு மாறவில்லை. அவள் விரல்நுனிகளில் கொழுந்துக் கறை ஈரமாக இருந்தது, கறுத்துக்கொண்டே வந்தது.

"என்னாங்க. என்னால. நிறுத்த. முடியல."

கண் மட்டும் அவளுடையது. அதில் பயம் இருந்தது.

திரும்பி ஓடினான். ஸ்பேஸ் பாரை அடித்தான். ஆள் நின்றது. தப்பு நின்றது.

சரிதாவும் நின்றாள். பாதிக் கிள்ளலில். நெஞ்சு எழவில்லை. கண் அவனையே பார்த்தது. பத்து விநாடி. இருபது. உதடு நீலம் பாய்ந்தது.

மறுபடி அழுத்தினான். நகரவில்லை. மறுபடியும். பச்சைப்புள்ளி இல்லை.

கீழே விழுந்து கிடந்த கேபிளை எடுத்தான். ஒரு முனையைக் கங்காணியில் செருகினான், மறுமுனையை ஆளில். பிளே.

தபேலா எழுந்தது. சரிதா இழுத்து மூச்சு வாங்கினாள். தொண்ணூற்றாறு. இரைக்க இரைக்க. அவன் வேகத்தை அறுபதுக்குக் குறைத்தான். அவள் மூச்சு தணிந்தது. பாட்டு முடிந்தால் மறுபடி முதலிலிருந்து ஓடும்படி வைத்தான். அந்தச் சின்ன இடைவெளியில் அவள் நின்றாள். பிறகு தொடர்ந்தாள்.

"அழாத," என்றான். அழுதது அவன்தான். "நான் இருக்கேன். ஓட்டிக்கிட்டே இருக்கேன்."

வெளியே பெரிய மரமொன்று முறிந்து விழுந்தது. டியூப்லைட் ஒருமுறை துடித்தது.

அணைந்தது.

ஊருக்கெல்லாம் பக்கத்துக் குந்தா அணையிலிருந்துதான் கரண்ட் போகிறது. குந்தாவில் காற்றடித்தால் குந்தாவுக்கு இல்லை. இரண்டு கம்ப்யூட்டர்களும் சேர்ந்து ஓய்ந்தன.

இருட்டில் தடவிப் போய் அவளைப் பிடித்தான். சில்லென்று இருந்தாள். மூச்சில்லை. குலுக்கினான். வாயில் வாய் வைத்து ஊதினான். காற்று உள்ளே போகவில்லை. பெயர் சொல்லிக் கத்தினான், அவள் அப்பா பெயரையும் சேர்த்துக் கத்தினான். பதில் இல்லை.

அப்போது மேலே, மாடியில், தப்பு.

ஒரு அடி.

அவன் கைக்குள் அவள் நெஞ்சு எழுந்தது.

இன்னொரு அடி. இறங்கியது.

"நிறுத்திராதீங்க," என்றான் ரவி, மேலே பார்த்து. "அய்யா, நிறுத்திராதீங்க."

அவள் ஒரு எட்டு வைத்தாள். அவன் பிடித்திருந்தான். பிடித்தால் அவளுக்கு மூச்சு திணறியது. இன்னும் இறுக்கினான். அவள் தொண்டையில் கரகரவென்று இழுத்தது. அன்றைக்கே திருப்பூருக்குப் போயிருப்பாள். பத்திரமாகப் போயிருப்பாள். நான்தான் நிறுத்தினேன்.

கையை விட்டான்.

அடிக்கு ஒரு எட்டாக அவள் அவனைக் கடந்து போனாள். கதவு திறந்தது. சாம்பல் வெளிச்சம் உள்ளே வந்தது. வாசலுக்கு அப்பால், இரண்டு வருஷமாக வெட்டாமல் ஆளுயரத்துக்கு வளர்ந்த செடிகளுக்கு நடுவே, மூடுபனியில், இடுப்பில் சாக்குக் கட்டிய பெண்கள் ஒரே வரிசையில் நின்றிருந்தார்கள். எல்லாக் கைகளும் ஒன்றாக உயர்ந்தன. ஒன்றாகக் கிள்ளின. வரிசையின் நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தது.

சரிதா போய் அதில் நின்றாள்.

ரவி வாசற்படியில் முட்டி போட்டு, மாடியைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பியிருந்தான். மேலே தப்பின் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்தது.