பக்கத்து ஊட்டு அக்கா

சைக்கிளைத் தென்னை மரத்தில் சாய்த்துவிட்டு வாசலுக்கு வந்தபோது, சமையலறையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருப்பது ஹாரிகாவுக்குக் கேட்டது. ஒன்று அம்மாவின் குரல். இன்னொன்று தடித்த குரல், ஈரத்துணிக்குள்ளிருந்து வருவதுபோல அமுங்கி, ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் ஒரு 'ங்க'வைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தது. அம்மா சிரித்தாள். மெட்ராஸை விட்டு இங்கே வந்த பிறகு ஹாரிகா கேட்கும் முதல் சிரிப்பு அது.

உள்ளே போனாள். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அம்மா மட்டும் நின்றிருந்தாள்.

"யாரும்மா?"

"பக்கத்து வீட்டு அக்கா. உறை மோர் கேட்டு வந்தாங்க. இப்பதான் போறாங்க பாரு."

ஹாரிகா எட்டிப் பார்த்தாள். தென்னைகள் கயிறு பிடித்து நட்டதுபோல வரிசை வரிசையாக நின்றன. எந்த வரிசையில் பார்த்தாலும் வாய்க்கால் கரைவரை பார்வைக்குத் தடையில்லை. நடந்து போகிறவர் யாரானாலும் வெகுநேரம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருப்பார். ஒருவரும் இல்லை. ஊறிப்போன தேங்காய் மட்டையின் நாற்றம் மட்டும் ஜன்னலோரம் கனமாக நின்றது.

மில் காற்று இந்தப் பக்கம் அடிக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

அம்பத்தூரில் அப்பா வரதராஜுலு வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னை நார் மில்லில் மேனேஜர் வேலை கிடைத்தது. முதலாளியின் தோப்புக்குள்ளேயே இருக்க வீடும் கொடுத்தார்கள். அயனாவரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருமினாலும் கேட்கிற வீட்டில் இருந்தவர்களுக்கு, கூப்பிட்டால் மரங்கள் மட்டும் ஓலையை அசைக்கிற இந்த வீடு. கேபிள் இல்லை. சாயங்காலமானால் கரண்ட் போய்விடும். அப்பா வர ஏழு, ஏழரை ஆகும். அதுவரை தோப்பின் ஓசைதான்: ஓலை உரசுவது, எங்கோ ஒரு நெற்று பொத்தென்று விழுவது, வாய்க்கால் தனக்குத்தானே முணுமுணுப்பது.

பள்ளிக்கூடம் அதைவிட மோசம். முதல் நாளே பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "தண்ணி குடேன்" என்று ஹாரிகா கேட்க, வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. நண்டுசிண்டுகளைக்கூட இங்கே 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிட்டார்கள். தான் வாயைத் திறந்தாலே யாரையோ திட்டுவதுபோல இருக்கிறதென்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்தது. 'மெட்ராஸ்' என்று பெயர் வைத்தார்கள், அதையும் மரியாதையாக: "மெட்ராஸுங்க, கொஞ்சம் நகருங்க." அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். வீட்டில் அம்மா சுகுணாவுக்கோ குறைத்துக்கொள்ளப் பேச்சே இல்லை. பகல் முழுக்க ஒருத்தியாகக் கிடந்தவள், வந்த புதிதில் பாத்திரம் கழுவும்போது சத்தமில்லாமல் அழுதாள்.

அதனால் அந்தச் சிரிப்பைக் கேட்டதில் ஹாரிகாவுக்கு உண்மையில் சந்தோஷம்தான்.

அக்கா தினமும் வந்தாள். ஹாரிகா வீடு சேரும் நேரத்தில் பேச்சு முடியும். உள்ளே வந்து பார்த்தால் ஜன்னலில் யாரும் இருக்கமாட்டார்கள். அம்மாவின் முகத்தில் தெளிவு வந்தது. அரிசியும் பருப்பும் சேர்த்து ஒரு சாதம் வைத்தாள், அக்கா சொல்லிக் கொடுத்ததாம். கொள்ளு கடைந்தாள். ஒருநாள், "பொடக்காளில துணி காயுது, எடுத்துட்டு வா" என்றாள்.

"எங்க காயுது?"

"பொடக்காளி. வீட்டுக்குப் பின்னாடி. அக்கா அப்படித்தான் சொல்றாங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சண்முகப்பிரியா ஹாரிகாவின் வகுப்பு. வீடு அதே சாலையில் என்பதால் தோப்பு முனைவரை சைக்கிளில் கூடவே வருவாள். 'மெட்ராஸ்' என்று கூப்பிடாத ஒரே பெண். அவளிடம் ஹாரிகா பேச்சுவாக்கில் கேட்டாள். "எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு அக்கா இருக்காங்களே, அவங்க பேரு என்ன?"

"பின்னாடியா? உங்க தோட்டத்துக்குப் பின்னாடி வாய்க்காதானுங்க. அதத் தாண்டுனா மட்டை ஊறப்போடற குழி. அதுவும் பழைய குழி, இப்ப யாரும் போறதில்ல. அங்க ஏதுங்க ஊடு?"

"தினமும் வராங்களே."

சண்முகப்பிரியா பெடலை மிதிப்பதை நிறுத்தினாள். சைக்கிள் தானாகக் கொஞ்ச தூரம் உருண்டது. "எதுக்குங்க வராங்க?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல், "நேரமாச்சு, வாரேனுங்க" என்று வேகமாகப் போய்விட்டாள்.

அடுத்த நாள் ஹாரிகா சைக்கிளைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். கரண்ட் போயிருந்தது. கூடத்தின் இருட்டில், சமையலறைக் கதவுக்கு இந்தப் பக்கம், சுவரோடு ஒட்டி நின்றாள்.

"ஹாரி பொறந்தப்ப அயனாவரத்துல ஒரே மழை," என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆட்டோகூட வரல."

"அயனாவரத்துல," என்றது ஜன்னல் பக்கத்துக் குரல், பாடம் ஒப்பிக்கிற குழந்தையைப் போல மெதுவாக. "ஒரே மழைங்களா. ஆட்டோகூட வரலீங்களா."

"இடுப்புத் தண்ணில அவர் என்னைத் தூக்கிட்டுப் போனார்."

"தூக்கிட்டுப் போனார்." பிறகு அதே குரல் கேட்டது: "பாப்பாவ நீங்க ஹாரின்னுதான் கூப்புடுவீங்களா? கோவம் வந்தா எப்படிங்க கூப்புடுவீங்க?"

அம்மா சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவுக்குச் சாதம் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும், ஹாரி தூங்கும்போது எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள், சின்ன வயதில் எதற்குப் பயப்படுவாள். ஒவ்வொன்றையும் அந்தக் குரல் வாங்கித் திருப்பிச் சொன்னது. மட்டையின் நாற்றம் கூடம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து வந்த பேச்சில் 'ங்க' குறைந்துகொண்டே வந்தது. அம்மாவின் பேச்சில் அது ஏறிக்கொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் எது யார் குரல் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அம்மா!" என்று கத்திக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

ஜன்னலில் வெறும் இருட்டு. அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "பயந்தே போயிட்டேன். ஏன் கண்ணு இப்படிக் கத்தறே?"

அம்மா அவளைக் கண்ணு என்று கூப்பிட்டதே இல்லை.

அப்பா வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டபடி அவர் கேட்டார். மில் தூசியில் அவருடைய புருவமெல்லாம் பழுப்பாக இருந்தது.

"நீ ஸ்கூல்ல சரியா பேசறதில்லையாமே. டீச்சர் சொன்னாங்க."

"அப்பா, நான் சொல்றது..."

"உங்கம்மா இங்க வந்து இப்பதான் சிரிக்கறா, ஹாரி. நான் எவ்ளோ பயந்தேன் தெரியுமா? திரும்பிப் போலாம்னு அழுதா நான் எங்க போவேன்? யாரோ ஒரு பொம்பள வந்து பேசறா. பேசட்டுமே. கெடுத்துடாத." அவர் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போகாமல் அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் யாரும் வரவில்லை. அம்மா ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். விரல்களை நெரித்தாள். "நீ இருந்தா அவங்க வரமாட்டாங்க" என்றாள், ஏதோ பறிபோனவளைப் போல. அன்று இரவு சாப்பிடவில்லை.

அதற்கடுத்த நாள் அம்மாவே அவளைப் பள்ளிக்கு அனுப்பிவைத்தாள். கடைசி மணி அடித்தபோது மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்திருந்தது. ஹாரிகா காற்றை எதிர்த்து மிதித்தாள். தோப்புக்குள் நுழையும்போதே விளக்கில்லாத வீடு தெரிந்தது. மழை இன்னும் இறங்கவில்லை. ஓலைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படிந்து சீறின.

பேச்சுச் சத்தம் இல்லை.

சமையலறையில் சிம்னி விளக்கு எரிந்தது. அம்மா அடுப்பைப் பார்த்து நின்று குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. புடவையின் ஓரத்திலிருந்து தரையில் தண்ணீர் சொட்டியது.

"வந்துட்டீங்களா, அம்மணி?" என்றாள் திரும்பாமல். "கை கழுவிப்போட்டு வாங்க. சோறு போடறேன்."

ஹாரிகா அசையவில்லை.

அப்போது பின்கட்டுக் கதவை யாரோ தட்டினார்கள்.

"ஹாரி! ஏய் ஹாரி! கதவத் தொறடி! எவ்ளோ நேரமா கூப்புடறேன்!"

அயனாவரத்துக் குரல். குழாயடியில் குடத்தோடு நின்று மாடியைப் பார்த்துக் கத்துகிற குரல். அவளுடைய அம்மாவின் குரல்.

அடுப்படியில் கரண்டி நின்றது. "தொறக்காதீங்க கண்ணு," என்றாள் அங்கே நின்றவள், மிகவும் மென்மையாக.

ஹாரிகா ஓடினாள். தாழ்ப்பாளை இழுத்தாள். வெளியே பாய்ந்தபோது ஈரமாக ஏதோ அவளை உரசிக்கொண்டு உள்ளே போனது. பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ் விழுகிற சத்தம்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மழை இறங்காமலே தொப்பலாக நனைந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு. ஹாரிகாவைப் பார்த்ததும் அவள் கண்கள் விரிந்தன.

"ஏண்டி வந்த?"

"நீதானேம்மா கூப்ட்ட!"

அம்மா இல்லையென்று தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். "நான் கூப்புடல ஹாரி. ஒரு எட்டு வெளிய வாங்க, மூஞ்சி பாத்துப் பேசலாம்னு அந்த அக்கா சொன்னா. வந்தேன். அவ உள்ள போயிட்டா. நீயாவது உள்ள இருக்கணும்னுதான் வாயத் தொறக்காம உக்காந்திருந்தேன்."

ஹாரிகா அம்மாவின் கையைப் பிடித்தாள். ஐஸாக இருந்தது. இழுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி முன்பக்கம் ஓடினாள். ஒரு மூலை திரும்பினாள். இன்னொரு மூலை. துவைக்கிற கல். மறுபடி ஓடினாள். சுவர். மூலை. துவைக்கிற கல்.

எவ்வளவு நேரம் ஓடினார்களோ, தூரத்தில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கரண்ட் வந்தது. ஜன்னல் மஞ்சளாக விரிந்தது.

அப்பா உள்ளே வந்து, கை கழுவி, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். சாதத்திலிருந்து ஆவி பறந்தது. பரிமாறிய பெண்ணுக்கு அம்மாவின் முகம், அம்மாவின் வகிடு, அம்மாவின் நடை.

"அப்பா!" ஹாரிகா கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினாள். "அப்பா! இங்க பாருங்க!"

அப்பாவின் கை வாய்க்கு நடுவழியில் நின்றது. "என்ன சத்தம் அது?"

"காத்துங்க," என்றாள் அவள். "சாப்புடுங்க, ஆறிப்போகுது."

"ஹாரி எங்க?"

கூடத்திலிருந்து, பள்ளிச் சீருடையில், இரட்டைப் பின்னலோடு ஒரு பெண் வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அவள் தலையைத் தடவினார். "இன்னைக்கு எல்லார்கூடயும் பேசினியா?"

"பேசினேனுங்கப்பா."

அப்பாவின் முகம் மலர்ந்தது. இந்த ஊருக்கு வந்தபிறகு அவர் அப்படிச் சிரித்து ஹாரிகா பார்த்ததில்லை. எழுந்து ஜன்னலருகே வந்தார். கைக்கெட்டும் தூரம். அவர் மூச்சு அவள் முகத்தில் பட்டது. அவள் கண்ணுக்குள் நேராகப் பார்த்தார். அவளைத் தாண்டி, தோப்பைப் பார்த்தார்.

"கொசு வருது," என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினார்.

இருட்டு. மழை இறங்கியது. அம்மா அவள் கையை விடவில்லை.

பின்னால், தென்னை வரிசைகளுக்குள்ளிருந்து, ஈரத்தில் அமுங்கிய ஒரு பெண் குரல் மரியாதையாகக் கேட்டது.

"ஏனுங்க... புதுசுங்களா?"

மின்னல் வெட்டியது. ஒவ்வொரு மரத்தின் அடியிலும் யாரோ நின்றிருந்தார்கள். ஆண்கள். பெண்கள். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி. வாய்க்கால் கரைவரை, வரிசை வரிசையாக, எல்லோரும் அந்த வீட்டையே பார்த்தபடி.