எனக்கு இவரைத் தெரியும்

மாத்தளை மழைக்கு மரியாதையே கிடையாது. வரப்போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாது. அன்றும் அப்படித்தான்... பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்த டயனாவின் தலையில் திடீரென்று கொட்டியது. கையில் குடை இல்லை. கண்ணில் பட்ட முதல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அது ஒரு வங்கியின் ஏ.டி.எம். அறை.

உள்ளே ஒருவன் இயந்திரத்தின் முன்னால் நின்றிருந்தான். நனைந்த நீலச் சட்டை, நெற்றியில் ஒட்டிய முடி. இயந்திரத்துக்கு மேலே, பின்னால் நிற்பவர்களைப் பார்ப்பதற்கென்று ஒரு சின்ன வட்டக் கண்ணாடி. அதில் இரண்டு கண்கள் அவளைப் பார்த்தன. பெரிய கண்கள்... கொஞ்சம் பயந்த கண்கள்...

"லைன்ல நிக்கிறீங்களா?"

"இல்ல... மழைக்கு."

"அப்ப கொஞ்சம் அங்கிட்டு திரும்பி நில்லுங்க. நம்பர் அடிக்கணும்."

டயனாவுக்குச் சுருக்கென்றது. என்னைப் பார்த்தால் திருடி மாதிரியா இருக்கிறது? உதட்டைச் சுழித்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினாள். எவ்வளவு தூரம் திரும்பினாள் என்பது அவளுக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான் தெரியும்.

இயந்திரம் 'கீங்' என்றது. இன்னொரு தடவை 'கீங்'. பிறகு நீளமாக ஒரு முனகல்... அதன் பிறகு சத்தமே இல்லை.

"ஐயோ... கார்ட முழுங்கிருச்சே!"

அவன் அந்த இயந்திரத்தின் வாயை விரலால் நோண்டிய அழகைப் பார்த்து டயனாவுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது.

"சிரிக்கிறீங்களா? நீங்க வந்து பின்னால நின்னதாலதான் நம்பர் பிழையாப் போச்சு!"

"நல்லாருக்கே கதை! உங்க நம்பர் உங்களுக்கே ஞாபகம் இல்லேன்னா அதுக்கு நானா பொறுப்பு?"

"இது கொழும்புல தொறந்த கணக்கு. இனிமே எத்தன பேர்கிட்ட போய் நிக்கணுமோ..."

"எங்க சங்கத்துல கார்டும் இல்ல, அத முழுங்குற மெசினும் இல்ல. மனுசங்கதான் இருக்காங்க."

பெருமையாகச் சொல்லிவிட்டு, மழை இன்னும் விடாதபோதே கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டாள். எந்தச் சங்கம் என்று சொல்லியிருக்கலாமோ... இரத்தோட்டை பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது. தோன்றி என்ன பயன்? பெயர்கூடத் தெரியாத ஒருவன். போகட்டும்.

போகவில்லை. அடுத்த வாரமே வந்தான்.

இரத்தோட்டையில் அவர்கள் தெருவுக்கு, பேக்கரியில் சுட்ட பாணும் பணிஸும் ஏற்றிக்கொண்டு காலையும் மாலையும் பாண் வண்டி வரும். பின்னால் கண்ணாடி அலமாரி பூட்டிய முச்சக்கர வண்டி. அதில் போடும் பாட்டின் மெட்டு முக்குத் திரும்பும்போதே வீடுகளில் கதவு திறக்கும். பழைய பாண்காரர் சீகிரியாப் பக்கம் ஒரு ஹோட்டலுக்கு வேலைக்குப் போய்விட்டாராம். புது ஆள் வந்திருக்கிறான் என்று அம்மா டொறீன்தான் சொன்னாள். சொல்லிவிட்டு மகளைப் பாண் வாங்க அனுப்பினாள். கண்ணாடிக் கதவை உயர்த்திக்கொண்டு திரும்பியவனைப் பார்த்தாள் டயனா.

அதே கண்கள்...

"கார்ட் கெடச்சுச்சா?" அவள்தான் முதலில் கேட்டாள்.

"இன்னும் அலையிறேன்." அவன் முகம் மலர்ந்துவிட்டது. "மிஸ், கிம்புலா பணிஸ் சூடா இருக்கு. எடுங்க. இங்க முழுங்குறது மெசின் இல்ல, மனுசங்கதான்."

பெயர் கிறிஷாந்த். சொந்த ஊர் உக்குவளை. கொழும்பில் ஒரு பேக்கரியில் வேலை பார்த்துவிட்டு, அம்மாவுக்குத் துணையாக இருக்கவென்று திரும்பி வந்தவன். வண்டி முதலாளியுடையது. இதெல்லாம் ஒரே நாளில் தெரிந்ததல்ல... ஒரு நாள் பாணோடு ஒன்று, இன்னொரு நாள் பணிஸோடு ஒன்று என்று தெரிந்தது. தெருவில் இளம்பெண்கள் எல்லாரும் அவனை 'பாண் அண்ணே' என்றார்கள். டயனா மட்டும் "கொஞ்சம் நில்லுங்க" என்பாள், "இங்க பாருங்க" என்பாள். அண்ணே என்பது மட்டும் நாக்கில் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவும் இல்லை.

மார்கழி மழையில் ஒரு பின்னேரம், அவன் சங்கத்து வாசலில் வந்து நின்றான்.

புதுவிடியல் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் என்று பெயர்தான் நீளம். மாதா கோயில் மண்டபத்தை ஒட்டி ஒரே ஒரு அறை. டயனா அங்கே கணக்கெழுதும் லிகிதர். அப்பா ராஜநாயகம் சங்கத்தின் தலைவர்.

"அடடே... மனுசங்க இருக்க எடம் இதுதானா?" என்றான் கிறிஷாந்த். "நான் ஒரு கணக்கு தொறக்கணும். பேங்க் நல்லதா, இது நல்லதா? நீங்களே சொல்லுங்க மிஸ்."

டயனாவுக்குப் பொய் சொல்ல வராது. "எங்ககிட்ட கார்ட் இல்ல. போன்ல பார்க்க ஏலாது. கண்டியில நின்னுக்கிட்டு அவசரம்னா காசு எடுக்க ஏலாது. அதுனால பேங்க் கணக்க மூடிறாதீங்க."

"அப்ப இங்க என்னதான் இருக்கு?"

"நான் இருக்கேன்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. முகம் சிவந்து, மேசையில் இல்லாத தூசியைத் தட்டினாள். "அதாவது... ஆள் இருக்கு. பேங்க் தொறந்திருக்க நேரத்துல நீங்க தெருவுல இருப்பீங்க. நாங்க பின்னேரத்துல தொறப்போம், ஞாயித்துக்கிழம பூசைக்குப் பொறகும் தொறப்போம். சில்லறையா கொண்டுவந்தாலும் மூஞ்சி சுளிக்கமாட்டோம். ஒழுங்கா சேர்த்தா, நாளைக்கு சொந்தமா ஒரு த்ரீவீல் வாங்க சங்கமே ஒதவும்."

சொந்த வண்டி... அவன் கண்கள் அங்கேயே நின்றுவிட்டன. "சேருறேன். என்ன செய்யணும்?"

இங்கேதான் சிக்கல். இந்தச் சங்கத்தில் சேர அடையாள அட்டை மட்டும் போதாது. பொதுக்கூட்டத்தில், எல்லார் முன்னாலும் ஒரு பழைய அங்கத்தவர் எழுந்து நின்று, "எனக்கு இவரைத் தெரியும்" என்று வாயால் சொல்ல வேண்டும். எப்படித் தெரியும் என்று சபை கேட்கும். பதில் சொல்ல வேண்டும். இன்னொருவர் எழுந்து ஆமோதிக்க வேண்டும். யாரும் எழாவிட்டால் ஒரு வருடத்துக்கு மறுபடி கேட்க முடியாது.

"அவ்வளவுதானா? நீங்களும் அங்கத்தவர்தானே? நீங்க எழும்புங்க."

கல்யாணமாகாத ஒருத்தி, தலைவரின் மகள், சபை நடுவே எழுந்து ஒரு வாலிபனைத் தெரியும் என்று சொல்வதா? ஊர் அதற்கு வேறு அர்த்தம் வைக்காதா? வைக்கும்... வைத்தால் அது பொய்யாகவும் இருக்காதே!

"நான்... நான் எழும்ப ஏலாது. வேற யாரையாச்சும் கேளுங்க."

அவன் சிரிப்பு அணைந்தது. "வெளங்குது மிஸ். பாண்காரனுக்காக எழும்ப வெக்கமாத்தான் இருக்கும்."

"அப்படி இல்ல..."

"பரவால்ல. கூட்டத்துக்கு வருவேன். யாரும் எழும்பாட்டி, உக்குவளைப் பக்கம் லைன மாத்தித் தாறதா மொதலாளி சொல்லியிருக்கார். அங்கயாச்சும் என்னைத் தெரிஞ்சவங்க இருக்காங்க."

போய்விட்டான். மறுநாள் காலையில் பாண் வண்டி வந்தது... மெட்டு இல்லாமல். அவர்கள் தெரு முழுவதையும் வாயை மூடிக்கொண்டு கடந்து போனது. அடுத்த நாளும் அப்படித்தான். டொறீன் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்து, பாண் கிடைக்காமல் ரொட்டி சுட்டாள். டயனா அந்த ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாளே தவிர சாப்பிடவில்லை. கோபக்காரன்... வாயைத் திறந்து சண்டையாவது போடக் கூடாதா?

சாப்பாட்டு மேசையில் மெல்ல ஆரம்பித்தாள். "அப்பா... அந்தப் பாண்காரருக்கு யாராச்சும் எழும்புவாங்களா?"

ராஜநாயகம் நிமிர்ந்து பார்த்தார். "எழும்புறவங்க எழும்பட்டும். நம்ம வீட்டுலேருந்து வேணாம். தலைவர் மகள் ஒரு பையனுக்காக எழும்பினா நாளைக்கு நான் தெருவுல தல நிமிந்து நடக்க வேணாமா?"

டொறீன் மகளின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி முதல் ஞாயிறு, பொதுக்கூட்டம். பூசை முடிந்து மண்டபம் நிறைந்துவிட்டது. கூரைத் தகரத்தில் மழை தாளம் போட்டது. கடைசி மர வாங்கில், தேய்த்த சட்டையும் மடியில் ஹெல்மெட்டுமாகக் கிறிஷாந்த் உட்கார்ந்திருந்தான். டயனா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலே, அவன் நெற்றியில் முடி விழுந்திருப்பது எப்படித்தான் தெரிந்ததோ!

"அடுத்து, கிறிஷாந்த். ஊர் உக்குவளை. பாண் விக்கிறவர்," என்றார் ராஜநாயகம். "இவர தெரிஞ்சவங்க யாரு?"

ஒருவரும் அசையவில்லை. அத்தனை பேரும் அவன் கையால் பாண் வாங்கித் தின்றவர்கள்தான். கெட்டவர்களும் இல்லை. வேறு யாராவது எழும்புவார்கள் என்று ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். பாணைத் தெரியும், மெட்டைத் தெரியும்... ஆளைத் தெரியுமா என்றால், எல்லாருக்கும் தரையில்தான் ஏதோ அதிசயம் தெரிந்தது.

"யாரும் இல்லையா?"

கிறிஷாந்த் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தான். எழுந்து போகப் போகிறான். நாளையிலிருந்து வேறு தெரு, வேறு வாசல், வேறு யாரோ ஒருத்தி "கொஞ்சம் நில்லுங்க" என்பாள்...

டயனாவின் நாற்காலி கிறீச்சிட்டது.

"எனக்கு இவரைத் தெரியும்."

அப்பாவின் முகத்தை அவள் நேராகப் பார்த்தாள். உட்காரவில்லை.

"எப்படித் தெரியும்?" ராஜநாயகத்தின் குரல் வறண்டிருந்தது. கேட்டே ஆக வேண்டும், அது சங்கத்து விதி.

"சாவு வீடு இருக்க தெருவுல இவர் பாட்டு போடமாட்டார். ரஜிதா டீச்சர் வீட்டு கைப்புள்ள தூங்குற நேரம்னா, வண்டிய கீழ நிப்பாட்டிட்டு நடந்தே வந்து பாண் குடுத்துட்டுப் போவார். நேத்துப் பாண இன்னைக்குப் பாண்னு ஒருநாளும் வித்ததில்ல, நேத்தையதுன்னு சொல்லித்தான் தருவார்." மூச்சு வாங்கிக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. "ஒரே ஒரு பிழை இருக்கு. கோவம் வந்தா வாயத் தொறந்து சொல்லமாட்டார். பாட்டை நிப்பாட்டிருவார்."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. கடைசி வாங்கில் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டை நெஞ்சோடு அணைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு காலமா தெரியும்?"

"ஒக்டோபர் மழையிலேருந்து."

ராஜநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆமோதிக்கிறது யாரு?"

பெண்கள் பக்கத்திலிருந்து டொறீன் எழுந்தாள்.

"நீயுமா?" தலைவர் என்பதை மறந்து கேட்டுவிட்டார் மனிதர்.

"ஏன், பாண் வாங்குறது நானா நீங்களா? எனக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிரப் போகுது?"

இந்தத் தடவை சிரிப்பு அடங்க வெகு நேரமானது. ராஜநாயகம் மகளைப் பார்த்தார். அவள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள், தலை குனியாமல். அவருக்கு ஏனோ தன் தலையும் அப்படியொன்றும் குனிந்துவிடவில்லை என்று பட்டது.

"ஏத்துக்கிட்டோம்," என்றார். பிறகு கடைசி வாங்கைப் பார்த்து, "தம்பி... நாளையிலேருந்து எங்க தெருவுல பாட்டைப் போடுங்க. ஒரு கெழமையா காலையில எழும்பவே முடியல."

கூட்டம் கலைந்தது. மண்டபத்துப் பின்கூரையின் கீழ், மழை விடட்டும் என்று டயனா ஒதுங்கி நின்றாள். பக்கத்தில் அவன் வந்து நின்றான்.

"மிஸ்... கோவத்துல பிழையா பேசிட்டேன். மன்னிச்சுக்குங்க. ஆனா சனம் இனி என்னென்னமோ பேசுமே..."

"பேசட்டும். தெரிஞ்ச ஆள தெரியாத மாதிரி பார்த்துக்கிட்டு உக்காந்திருக்க என்னால ஏலல."

அவன் அவள் பக்கம் திரும்பினான். "அன்னைக்கு மாத்தளையில... எனக்கு நம்பர் மறக்கல. அது எங்க அம்மா பொறந்த வருசம், எப்படி மறக்கும்? நம்பர் அடிக்கிறப்ப அந்தக் கண்ணாடியில உங்க கண்ணு தெரிஞ்சுச்சு... அதோட வெரல் எங்க போச்சுன்னே தெரியல. கார்ட் போனதுல எனக்குக் கவலையே இல்ல. நீங்க பேர் சொல்லாமப் போனதுதான் கவல." குரல் தாழ்ந்தது. "இந்தத் தெருவே என்னை அண்ணேங்குது. நீங்க மட்டும் கூப்பிடல. அது போதும்னு இருந்தேன். இப்ப போதல... எனக்கு ஒங்கள ரொம்பப் புடிச்சிருக்கு, டயனா."

முதன்முதலாகப் பெயர் சொன்னான். அவள் கன்னத்தில் தெறித்த மழைத்துளியைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"என்னை அங்கிட்டு திரும்பி நிக்கச் சொன்னீங்களே... ஞாபகம் இருக்கா?"

"ம்..."

"அப்ப என் கண்ணு எப்படி ஒங்களுக்குக் கண்ணாடியில தெரிஞ்சுச்சு?"

அவன் யோசித்தான். திரும்பி நின்றவளின் கண் கண்ணாடியில் எப்படி... மெல்ல மெல்ல அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"அப்ப... நீங்களும் என்னைத்தான்..."

டயனா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். விரல்களுக்கு நடுவே அந்தக் கண்கள் மட்டும் தெரிந்தன.

"இனிமேலும் நான் அண்ணேன்னு கூப்பிடமாட்டேன்," என்றாள்.