விழத் தெரியாத அணி

விருத்தாசலம் சூளைமேட்டுக் கால்பந்து அணியைப் பற்றி முதலிலேயே ஓர் உண்மையைச் சொல்லிவிடலாம். போன வருடம் நெய்வேலியில் நடந்த ஏழு பேர் போட்டியில் அந்த அணி நான்கு ஆட்டம் ஆடி, நான்கிலும் தோற்றது. வாங்கிய கோல்கள் பதினேழு. போட்டது ஒன்று. அந்த ஒன்றும், எதிரணிப் பையன் ஒருவன் குழம்பிப்போய்த் தன் வலைக்குள் தானே உதைத்தது!

இதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருந்தவள் பூர்ணிமா. ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கோல்கீப்பருக்கு முன்னால் நின்று தடுத்து ஆடுவது அவள் வேலை. ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் நோட்டில் கோல் கம்பம் போல ஒரு கட்டம் வரைவாள். பந்து எந்த இடத்தில் நுழைந்ததோ, அந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைப்பாள்.

"அதை ஏன் வரையற? அழிச்சுத் தொலை" என்று கேப்டன் பழமலை பலமுறை சொல்லிவிட்டான். அவள் கேட்கவில்லை.

இந்த வருடப் போட்டிக்கான பெயர்ப்பட்டியலை ஞாயிற்றுக்கிழமை கொடுத்துவிட வேண்டும் என்று கொளஞ்சி அண்ணன் சொல்லியிருந்தார். அவர் பீங்கான் கம்பெனியில் வேலை பார்ப்பவர். ஞாயிறு தோறும் இவர்களுக்குப் பயிற்சி கொடுப்பார். பட்டியலில் எட்டுப் பேர் இருக்கலாம். ஏழு பேர் ஆட, ஒருவர் வெளியே உட்கார வேண்டும்.

புதன்கிழமை மாலை அணி மைதானத்தில் கூடியது. மைதானம் என்றால் பெரிதாக எதுவும் நினைத்துவிட வேண்டாம். பீங்கான் பட்டறைகளுக்குப் பின்னால் கிடக்கும் ஒரு பொட்டல். உடைந்த கப்புகளையும் பொம்மைகளையும் பல வருடங்களாகக் கொட்டி, அவை மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. இரண்டு பக்கமும் சவுக்குக் கம்புகள் நட்டிருந்தார்கள். அவ்வளவுதான்.

"பட்டியல்ல ஒரு இடம்தான் பாக்கி. ஆனா நமக்கு ரெண்டு ஆளு வேணும்" என்று பழமலை விரலை மடக்கினான். "ஒண்ணு, இடது காலால அடிக்கிற ஆளு. நம்ம ஏழு பேருக்கும் இடது காலு சும்மா நிக்கறதுக்குத்தான் இருக்குது."

எல்லாரும் சிரித்தார்கள்.

"ரெண்டாவது..." பழமலை கொஞ்சம் தயங்கினான். "நல்ல கோல்கீப்பரு."

சிரிப்பு சட்டென்று நின்றது. ஏனென்றால் அணியின் கோல்கீப்பர் ஃபாயிஸ் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். குவைத்திலிருந்து அவன் அத்தா அனுப்பிய கையுறைகள் மடியில் இருந்தன.

"எங்க அத்தை பையன் ஆனந்தராஜ் கம்மாபுரத்துல இருக்கான். என்னைவிட அரை அடி உசரம். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கேன்" என்றான் பழமலை.

ஃபாயிஸ் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "சரிதான்டா. பதினேழும் என்னைத் தாண்டித்தானே போச்சு? நான் வெளிய உக்காந்துக்கறேன்" என்றான். பிறகு எழுந்து, "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

பூர்ணிமாவுக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பதினேழில் ஏழெட்டு கோல், அவள் மரம் மாதிரி நின்று வேடிக்கை பார்த்ததால் விழுந்தவை. அது அவளுக்கே தெரியும். பழி மட்டும் ஃபாயிஸ் தலையில் விழுந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நோட்டைப் புரட்டினாள். முதல் ஆட்டம், இரண்டாவது ஆட்டம், மூன்றாவது, நான்காவது. அட! கட்டத்தின் மேல் பக்கம் ஒரு புள்ளிகூட இல்லை. நடுவிலும் இல்லை. பதினேழு புள்ளிகளும் கீழே, இடது மூலையிலும் வலது மூலையிலும் குவிந்து கிடந்தன. மேலே வந்த பந்து எல்லாவற்றையும் ஃபாயிஸ் பிடித்திருக்கிறான்!

நோட்டைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்கு ஓடினாள். ஃபாயிஸ் வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"டேய், ஒண்ணு கேக்கறேன். பந்து கீழ மூலைக்கு வந்தா நீ ஏன் விழுந்து புடிக்கல?"

"விழறதா?" ஃபாயிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நம்ம கிரவுண்டுல நீ விழுவியா? முட்டி கிழிஞ்சிடும்."

"ஆனா நெய்வேலியில புல்லுதானடா இருந்துச்சு?"

ஃபாயிஸ் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான்.

"ஆமால்ல! எனக்கு அது தோணவே இல்ல பூர்ணி."

பூர்ணிமா சிரிக்கத்தான் வாயெடுத்தாள். ஆனால் சிரிப்பு வரவில்லை. அவளும் ஒரு தடவைகூட விழுந்து தடுத்ததில்லை. பழமலையும் சறுக்கிப் பந்தைப் பறித்ததில்லை. சூளைமேட்டில் குழந்தை நடக்கத் தொடங்கும்போதே வீட்டில் சொல்லிக் கொடுப்பார்கள்: "கீழ பாத்து நட, பீங்கான் குத்திடும், விழுந்துடாத!" அதையே கேட்டு வளர்ந்தவர்கள், புல் தரையிலும் விழாமல் பத்திரமாக ஆடித் தோற்றுவிட்டு வந்திருந்தார்கள்.

"கோல்கீப்பர் சரியில்லங்கறது தப்புடா. நம்ம யாருக்குமே விழத் தெரியல. அதான் குறை" என்றாள் பூர்ணிமா.

"இப்ப என்னா பண்றது?"

"விழக் கத்துக்கறது!"

அன்று சாப்பிடும்போது அவள் அம்மாவிடம் கேட்டாள். அம்மா பொம்மைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குப் போகிறவர்.

"அம்மா, மிஞ்சிப் போன வைக்கோல என்னா பண்ணுவாங்க?"

"அது வெறும் தூசி. மாடுகூடத் தொடாது. கொளுத்திடுவாங்க. எதுக்குக் கேக்கற?"

"விழறதுக்கு."

அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டு, "மேஸ்திரிகிட்ட சொல்றேன், வந்து எடுத்துக்கோங்க. ஆனா பீங்கான வெறுங்கையால தொடக்கூடாது" என்றார்.

மறுநாள் பள்ளி விட்டதும் பூர்ணிமாவும் ஃபாயிஸும் கோலுக்கு முன்னால் குனிந்தார்கள். ஆளுக்கு ஒரு கையுறை. ஒன்றரை வருடத்தில் அந்தக் கையுறைகள் செய்த உருப்படியான வேலை அதுதான் என்று ஃபாயிஸே கேலி செய்துகொண்டான். கப்புகளின் காதுகள், ஒரு குதிரைக் கால், யானைத் தும்பிக்கை, தலை இல்லாத வாத்து என்று வாளி நிறைந்தது.

பழமலை தூரத்தில் நின்று பார்த்தான். "கிரவுண்ட பெருக்கினா கோல் விழாதா?" என்று கேட்டான். பூர்ணிமா நோட்டை நீட்டினாள். அவன் புள்ளிகளைப் பார்த்தான். அப்புறம் தன் முழங்காலைப் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை. வீட்டுக்குப் போனவன், மண் சலிக்கும் சல்லடையோடு திரும்பி வந்தான்.

வெள்ளிக்கிழமை பட்டறையிலிருந்து நான்கு சாக்கு வைக்கோல் வந்தது. கோல் முழுக்கப் பரப்பினார்கள்.

ஆனால் விழுவது அத்தனை சுலபமாக இல்லை! பந்து மூலைக்கு வந்தது. ஃபாயிஸ் பந்தியில் உட்காருகிறவன் போல மெதுவாக உட்கார்ந்தான். பந்து போயே போய்விட்டது. இரண்டாவது முறையும் அதே கதை.

"எனக்கு வராது பூர்ணி" என்றான்.

பூர்ணிமா பந்தைக் கீழே வைத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஐயோ அம்மா!" என்று கத்தியபடி வைக்கோலில் தொபீரென்று விழுந்தாள். எழுந்தபோது சடை முழுக்க வைக்கோல், மூக்கு நிறையத் தூசி.

"ஒண்ணும் ஆவலடா!"

அவ்வளவுதான். பழமலை விழுந்தான், மற்றவர்கள் விழுந்தார்கள். எல்லாரும் விழுந்து புரண்டு முடித்தபோது ஃபாயிஸும் விழுந்திருந்தான். சனிக்கிழமை முழுக்க விழுந்தான். சாயங்காலம் வைக்கோலை ஒதுக்கிவிட்டு, சலித்த மண்ணிலேயே விழுந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கொளஞ்சி அண்ணன் பெயர்ப்பட்டியலோடு வந்தார். ஆனந்தராஜும் வந்தான். நல்ல உயரம்தான். "ஆளுக்குப் பத்துப் பந்து. நெறைய புடிக்கறவன் கீப்பரு" என்றார் அண்ணன்.

பழமலை அடித்தான். ஆனந்தராஜ் ஆறு பிடித்தான். மோசமில்லை.

அடுத்து ஃபாயிஸ். "இவனுக்கு நான் அடிக்கறேன்" என்று ஆனந்தராஜ் பந்தை வாங்கினான். முதல் பந்தை இடது காலால் விட்டான் பாருங்கள், பூர்ணிமாவுக்குக் காற்றுச் சத்தம் கேட்டது! கோல். இரண்டாவதும் கோல். ஃபாயிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டான். பிறகு ஒன்றைத் தடுத்தான், இன்னொன்றைத் தடுத்தான். ஐந்தாவதும் ஆறாவதும் போய்விட்டன. ஏழு, எட்டு, ஒன்பதைப் பிடித்துவிட்டான். இன்னும் ஒன்றுதான் பாக்கி. பிடித்தால்கூட ஆறுதான் ஆகும். விட்டால் வெளியே உட்கார வேண்டியதுதான்.

பந்து தரையோடு தரையாக வலது மூலைக்குச் சீறியது. ஃபாயிஸ் யோசிக்கவே இல்லை. உடம்பை நீட்டி அப்படியே பாய்ந்தான். புழுதி எழுந்து அடங்கியது. மண்ணில் குப்புறக் கிடந்தவனின் நெஞ்சுக்கடியில் பந்து இருந்தது.

"ஆறும் ஆறும் சமம்" என்று அண்ணன் தலையைச் சொறிந்தார். "இப்ப யாரைப் போடறது?"

"அண்ணே, எனக்குக் கோல்ல சும்மா நிக்கறது போரு. நான் முன்னாடி ஆடறேன்" என்றான் ஆனந்தராஜ்.

பழமலை பாய்ந்து வந்தான். "ஃபாயிஸ்தான்ணே எங்க கீப்பரு! அவன் புடிச்சது நான் அடிச்ச பந்து இல்ல, ஆனந்தராஜ் இடது காலு! ஆனந்தராஜ முன்னாடி போடுங்க. வெளிய உக்கார்றத நாங்க மாத்தி மாத்தி உக்காந்துக்கறோம்."

எல்லாரும் கத்திய கத்தலில் அண்ணன் காதைப் பொத்திக்கொண்டார். பூர்ணிமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் அணியை நினைத்து அவள் இப்படிப் பெருமைப்பட்டது இதுதான் முதல் தடவை.

அண்ணன் பட்டியலையும் பேனாவையும் ஃபாயிஸிடமே கொடுத்தார். அவன் கையில் ஒட்டியிருந்த மண்ணைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். கோல்கீப்பர் என்று போட்டிருந்த இடத்தில், பக்கத்துக் கட்டத்திலும் கொஞ்சம் ஏறும்படி, தன் பெயரைப் பெரிதாக எழுதினான்.