ஐசமின் ஆணியில் தொங்கிய சட்டை

சட்டை ஆற்றோடு போகவில்லை. வர்னிஸ் அதைத் தண்ணீரில் விட்டதும் கைகளை விரித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு, மிசிசிப்பி ஆறே தெற்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்க, இது மட்டும் வெள்ளம் தடுக்கக் கட்டிய மண்கரையை ஒட்டி வடக்கே நகர்ந்தது.

"சுழல் தண்ணிதான், அக்கா. கரையோரம் இப்படித்தான் பின்னால இழுக்கும்," என்றாள் பக்கத்து வீட்டுப் பெர்லீன். சொன்னவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

வர்னிஸ் கரைமேல் ஏறி அதன் பின்னாலேயே நடந்தாள். அவளுடைய மூத்தவன் ஐசம், போன வாரம் கரைக்கு மணல்மூட்டை ஏற்றிப்போன படகு கவிழ்ந்து மூழ்கிவிட்டான். உடல் கிடைக்கவில்லை. மூழ்கினவன் கடைசியாகப் போட்டுக் கழற்றிய சட்டையைத் துவைக்காமல் ஆற்றில் விட்டால், அவன் கிடக்கும் இடத்துக்கு மேலே போய் நின்றுவிடும் என்பது அந்த ஊர்க்காரர்களின் தலைமுறை தலைமுறையான நம்பிக்கை. மகனைச் சபைக் கல்லறையில் அவன் அப்பாவுக்குப் பக்கத்தில் படுக்கவைக்க வேண்டும். அதற்குமேல் அவள் கடவுளிடம் எதையும் கேட்கவில்லை.

இருட்டிக்கொண்டு வந்தது. இடது பக்கம் ஆறு, கரையின் உச்சிக்கு ஒரு முழம் கீழே, வேரோடு பெயர்ந்த மரங்களையும் செத்த கோவேறு கழுதைகளையும் சுமந்துகொண்டு சேற்று வாடையோடு ஓடியது. வலது பக்கம், ஆற்றைவிடப் பள்ளத்தில், பருத்திக் காடும் அவர்களுடைய பலகை வீடுகளும் ஒன்றும் தெரியாததுபோலக் கிடந்தன. காலடி மண் கொழகொழவென்று அமுங்கியது. சட்டை அவர்கள் நடந்தால் நகர்ந்தது. பெர்லீன் மூச்சு வாங்கி நின்றபோது அதுவும் நின்றது.

"அக்கா, வீட்டுக்குப் போயிடலாம். எனக்கு இது பிடிக்கல."

"என் பிள்ளை கூப்பிடுறான்டி. நீ வேணும்னா போ."

பெர்லீன் போகவில்லை. முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தாள்.

வளைவு தாண்டியதும் லாந்தர்கள் தெரிந்தன. கரை கசிந்த இடத்தில் ஆட்கள் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி டூலி, நனையாத ஒரே ஆள், மடியில் துப்பாக்கியோடு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். அந்தத் துப்பாக்கி ஆற்றுக்காக அல்ல, வேலையை விட்டு ஓடுகிறவனுக்காக. அவளுடைய இளையவன் எல்பர்ட் சட்டையில்லாத தோளில் ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு தண்ணீரோரம் குனிந்திருந்தான்.

சட்டை அவனுக்கு நேர் கீழே வந்து நின்றது.

ஓடுகிற தண்ணீரில் அசையாமல் நின்றது. மரக்கிளைகள் அதைச் சுற்றி விலகிப் போயின.

வர்னிஸுக்கு அழுகை பொங்கியது. "எல்பர்ட்! உன் அண்ணன் இங்கதான் இருக்கான்டா! சட்டை காட்டிக் கொடுத்துருச்சு. கொக்கியைப் போட்டு இழுங்கப்பா!"

எல்பர்ட் லாந்தரைத் தாழ்த்திப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"மா... அது என் சட்டை."

"ஐசமோட ஆணியிலதான்டா தொங்குச்சு."

"நான்தான் மாட்டினேன். அவன் ஆணி வெறுமையா இருக்குன்னு பார்த்துப் பார்த்து அழுதியே. உன்னால தாங்க முடியலைன்னுதான்..."

அப்படியென்றால் சட்டை தேடி வந்தது ஐசமை அல்ல, எல்பர்ட்டை.

"மேல வா. வேலையெல்லாம் வேணாம். மேல வாடா!"

"எவனும் நகரக் கூடாது," என்றான் டூலி.

"சுடுறதுன்னா என்னைச் சுடுங்க, பாஸ்! அவன் வரட்டும்!"

வரிசையில் யாரும் மூட்டையைத் தூக்கவில்லை. எல்லோருக்கும் சட்டையைப் பற்றித் தெரியும். டூலியும் இந்த ஆற்றங்கரையில் வளர்ந்தவன்தான். தண்ணீரைப் பார்த்தான். துப்பாக்கியைத் தாழ்த்தினான்.

எல்பர்ட் மேலே ஏறி வந்தான். அவள் அவன் ஈரத் தலையைப் பிடித்து மார்போடு அழுத்திக்கொண்டாள். சூடாக இருந்தான். மூச்சு இருந்தது. அவளுக்கு அது போதும்.

"நடுங்குறியே மா. வெறும் துணி. அது கண்ணு முன்னால கிடந்தா நீ தூங்கவே மாட்டே. இரு, எடுத்து எறிஞ்சிட்டு வரேன்."

"வேணாம்—"

அதற்குள் இறங்கிவிட்டான். எப்போதும் அப்படித்தான், அவள் அழுவதைப் பொறுக்கமாட்டான்.

குனிந்தான். கை நீட்டினான். விரல் துணியைத் தொட்டது.

கரை சரிந்தது. சத்தமே இல்லை. அவன் நின்ற மண், வெட்டி எடுத்த துண்டுபோல, அவனோடு தண்ணீருக்குள் போனது. லாந்தர் அணைந்தது.

யாரோ கத்தினார்கள். யாரோ கயிறு வீசினார்கள். கொக்கி வெறுமையாகத் திரும்பியது. மறுபடியும் வெறுமையாக.

பெர்லீன் இன்னொரு லாந்தரைத் தூக்கிப் பிடித்தாள்.

சட்டை அதே இடத்தில் நின்றது. இப்போது காலியாக இல்லை. முதுகு நிறைந்திருந்தது. தோள் நிறைந்திருந்தது. இடுப்பைச் சுற்றி, அடியிலிருந்து வந்த இரண்டு கைகள், ஒரு வாரம் ஊறி வெளுத்த கைகள், விரல் கோத்துப் பிடித்திருந்தன.

பிறந்த நாள் முதல் அவள் கழுவிவிட்ட கைகள்.

"ஐசம்," என்றாள் வர்னிஸ். "உன் தம்பியை விட்டுருப்பா. அவனை மட்டும் விட்டுரு."

கைகள் இன்னும் இறுக்கிக்கொண்டன.