ஜாடியின் பின்பக்கம்

நிலவறையில் அன்று ஈர நாயின் வாடை அடித்தது. அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை, மத்தியானம் மூன்று மணி, சன்னல் என்ற பேச்சுக்கே இடமில்லாத சேமிப்பறை; பாச்சை உருண்டை, பழைய காகிதம், வெள்ளி துலக்கும் பொடி என்று இருபத்தாறு வருஷமாகப் பழகிய வாடைகளுக்கு நடுவே இது ஒன்று மட்டும் புதிதாக வந்து படுத்திருந்ததைக் காப்பாளரின் மூக்கு கதவைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிட்டது.

வாசல் காவலரைப் போனில் கூப்பிட்டார்.

"நாய் ஏதாவது உள்ள வந்துச்சாப்பா?"

"நான் உள்ள வரவே மூணு கையெழுத்து கேக்கறீங்க. நாய்க்கு யாரு சார் போட்டிருப்பா?"

நியாயம்தான். காப்பாளர் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் விட்டு உட்கார்ந்தார்.

மேசைமேல் இருந்த பழைய வெள்ளி ஜாடி நாளை வெளியூர்க் கண்காட்சிக்கு இரவல் போகிறது. அதன் வயிற்றைச் சுற்றி ஒரு வேட்டைக் காட்சி புடைத்து நிற்கும். முன்பக்கம் ஓடும் மான். பின்பக்கம் ஏழு நாய்கள், வில்லோடு ஒரு வேட்டைக்காரன். வருஷத்துக்கொரு முறை எடுத்துப் பார்த்து, படம் பிடித்து, பதிவேட்டில் நிலை எழுத வேண்டும். இவர் முன்பக்கத்தை மட்டும் படம் பிடித்து, 'முன்பு போலவே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஒன்பது வருஷமாக இப்படித்தான். சொந்த முதுகையே பார்த்ததில்லை, ஜாடியின் முதுகு எதற்கு என்று இருந்துவிட்டார்.

இரவல் கேட்டவர்கள் இரண்டு பக்கமும் படம் வேண்டும் என்றிருந்தார்கள். பருத்திக் கையுறையை மாட்டிக்கொண்டு ஜாடியைத் திருப்பினார்.

பின்பக்கம் வழவழவென்று இருந்தது. நாய்கள் இல்லை. வேட்டைக்காரன் இல்லை. சுரண்டிய தடம்கூட இல்லை. அவருடைய முகம்தான் அகலமாக, வாயைப் பிளந்துகொண்டு தெரிந்தது.

மேசைப் போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, மாப்பிள்ளை வந்திருக்காரு. நேரத்தோட வந்துடுவீங்கல்ல?"

"வரேன்."

"அங்க என்ன, நாய் மூச்சு வாங்குது?"

"மின்விசிறி," என்றார். மின்விசிறி ஓடவில்லை.

விடுமுறையிலும் அதிகாரி மேலேதான் இருப்பார்; போய்ச் சொல்லிவிடலாம். எழுந்து இரண்டடி வைத்தார். 'எப்போது காணாமல் போனது?' என்று முதல் கேள்வி வரும். ஒன்பது கையெழுத்தும் அவருடையவை. ஓய்வுக்குப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. திருட்டுப் பட்டத்தோடு போய் மாப்பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பது?

உட்கார்ந்தார். பதிவேட்டில் 'முன்பு போலவே' என்று எழுதினார். 'இரண்டு பக்கமும்' என்றும் எழுதினார். பின்பக்கத்துக்குப் பழைய படம் ஏதாவது கிடைக்காமலா போகும்.

அலமாரிகளுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் நகங்கள் உரசின. ஒரு நாயின் நகங்கள் மட்டும் அல்ல.

ஜாடியை முன்பக்கமாகத் திருப்பினார். பார்க்கவில்லை. பார்க்காமலே காமிராவை அழுத்தினார். வெளிச்சம். பிறகு சின்னத் திரை.

மான் இல்லை.

மான் ஓடிய இடத்தில் ஒரு மனிதன். மூக்குக் கண்ணாடி. கையுறை. கழுத்து பின்னால் திரும்பியிருந்தது. இடது காலில் செருப்பில்லை.

காப்பாளர் மேசைக்கடியில் காலால் துழாவினார். வலது செருப்பு மட்டும் தட்டுப்பட்டது.

அலமாரிகளுக்கு நடுவே எதுவோ தோலை மென்றுகொண்டிருந்தது.

மெல்லுவது நின்றது.

மெதுவாக, வெகு மெதுவாக, வில்லின் நாண் இழுபட்டது.