கடைசி ஆளின் மணி

மணி ஒழுங்காகத்தான் அடித்தது. டிங் டிங், வளைவுக்கு இரண்டு தடவை. ஆனால் பின்னால் வருகிறவன் அடிக்கிற மாதிரி இல்லாமல், ரொம்பவும் பக்கத்தில் கேட்டது. மருந்துக்கடைக்காரனுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. பட்டதோடு சரி. பதினாறாயிரம் அடி உயரத்தில் மூளையும் மரத்துப்போன விரல் மாதிரிதான்; இருக்கிறது என்று தெரியும், சொன்ன பேச்சைக் கேட்காது.

மூன்று பேர் வந்திருந்தார்கள். முன்னால் டிரில் வாத்தியார், பிள்ளைகளை அதட்டி அதட்டியே தொண்டை பெருத்தவர். நடுவில் மருந்துக்கடைக்காரன். கடைசியில் அவனுடைய தங்கை புருஷன். வாத்தியாருக்கும் அந்தத் தங்கை புருஷன் 'மாப்பிள்ளை'தான். மூன்று வருஷமாக ஞாயிறு தவறாமல் சேர்ந்து சைக்கிள் மிதிக்கிற கூட்டம். மலைப் பாதையில் இவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு: ஓட்டும்போது யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. முழ அகலப் பாதையில் கழுத்து திரும்பினால் சக்கரமும் கூடவே திரும்பும், அப்புறம் ஆளைப் பள்ளத்தில்தான் தேட வேண்டும். அதனால் கடைசி ஆள் ஒவ்வொரு வளைவிலும் மணியை இரண்டு தடவை தட்டுவான். நான் நல்லாயிருக்கேன், நீ போ என்று அர்த்தம். கேட்கவில்லையென்றால் எல்லாரும் நிற்க வேண்டும்.

கேட்டது. போனான்.

மத்தியானம்தான், ஆனால் மேகம் இறங்கிப் பாதையை மூடிவிட்டதில் முன்சக்கரமும் நாலு கல்லும் தவிர வேறெதுவும் தெரியவில்லை. பிரேக் கட்டை சூடேறிக் கருகுகிற வாசனையும், ஈரப் பாறையின் வாசனையும், மூச்சு வாங்குகிற சத்தமும்தான் உலகம் என்று ஆகியிருந்தது. கையுறைக்குள் விரல்கள் செத்துக் கிடந்தன.

இறங்கத் தொடங்குவதற்கு முன், உச்சியில் மாப்பிள்ளை காரணமே இல்லாமல் சிரித்தான். ஜெர்கின் ஜிப்பை இழுக்கத் தெரியாமல் தடவிக்கொண்டே நின்றான்.

"தலை வலிக்குதா மாப்ளே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான். ஜாலியா இருக்கு."

அது ஜாலி இல்லை என்று மருந்துக்கடைக்காரனுக்குத் தெரியும். மலைக்குப் போகிறவர்களுக்குக் கடையில் மாத்திரை கொடுக்கும்போது, மேலே காற்று பத்தாமல் சிரிப்பு வந்தால் ஜாக்கிரதை, கையைப் பிடித்துக் கீழே கூட்டி வந்துவிடுங்கள் என்று அவனே சொல்கிறவன். கிளம்பும்போது தங்கை சொன்னதும் காதில்தான் இருந்தது. "அண்ணா, முடியலேன்னு அவரு வாயைத் திறந்து சொல்ல மாட்டாரு. நீதான் பாத்துக்கணும்." சரிம்மா, பத்திரமா கொண்டுவந்து சேர்க்கிறேன் என்று சொல்லியிருந்தான். ஆனால் மேகம் வருது, கிளம்புங்க கிளம்புங்க என்று வாத்தியார் கத்திக்கொண்டிருந்தார். ஒரு மாத்திரையை மாப்பிள்ளையின் வாயில் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

நாலாவது வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் சரளைக்கல் சரசரவென்று சரிந்தது. வெகுநேரம் கழித்துக் கீழே எங்கோ தொப்பென்று ஒரு சத்தம். அவனுக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. வளைவு வந்தது, பிரேக்கை அழுத்தினான். டிங் டிங்.

அப்பாடா.

அதற்கப்புறம் பதினெட்டு வளைவு. அத்தனையிலும் மணி.

பாதை முடிகிற இடத்தில் மரப்பாலம். வாத்தியார் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"மாப்பிள்ளை எங்கய்யா?"

"வர்றான். மணி கேட்டுதே."

"எந்த மணி?"

"அவன் மணிதான்."

வாத்தியார் அவனை ஒரு மாதிரி பார்த்தார். "ஸ்க்ரூ ஆடுதுன்னு அதை உச்சியில நீதானே கழட்டின? விரல் மரத்துப்போச்சு, மாட்ட வரலேன்னு சொன்னியே. குரல் குடுக்கச் சொல்லியிருப்பேன்னு நெனச்சேன்."

அவன் சொல்லவில்லை. மறந்தே போயிருந்தான்.

ஜெர்கின் பைக்குள் கையை விட்டான். சின்னப் பித்தளை மணி. அதோடு, அதைக் கழற்றின ஆலன் கீ. பையை உலுக்கினான். டிங் டிங். வளைவில் பிரேக் பிடித்துக் குலுங்கும்போதெல்லாம் ஒன்றையொன்று இடித்திருக்கிறது. நான் நல்லாயிருக்கேன், நீ போ என்று அவனுக்கு அவனேதான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான்.

அழ வேண்டும் போலிருந்தது. அழுகை வரவில்லை. தங்கையின் முகத்தை நினைத்துப் பார்த்தான், அதுவும் வரவில்லை. மூக்கு, வாய், நெஞ்சு எல்லாம் யாருடையதோ மாதிரி இருந்தது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு மணியை உள்ளங்கையில் வைத்து இறுக்கி மூடிக்கொண்டான்.

"நாலாவது வளைவு," என்றான். "வாத்தியாரே, நாலாவது வளைவு."

"ஐயோ, வாய்யா ஏறலாம்."

அப்போது மேலே, மேகத்துக்குள், டிங் டிங்.

வாத்தியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அடப்பாவி, வர்றான்யா! உசிரே போயிடுச்சு!" கையை ஆட்டிக்கொண்டு ஓடினார்.

அவன் நகரவில்லை. கையைப் பார்த்தான். மூடித்தான் இருந்தது.

டிங் டிங். ஒரு வளைவு கீழே.

டிங் டிங். இன்னொன்று.

காலையிலிருந்து செத்துக் கிடந்த விரல்களுக்கு இப்போது உணர்வு வந்தது. மணி உள்ளே துடித்தது. இறுக்கிப் பிடித்தான். இன்னும் இறுக்கினான். துடித்தது.

வாத்தியார் பாதி வழியில் நின்றுவிட்டார். ஆட்டின கை மேலேயே நின்றது.

மேகத்திலிருந்து முதலில் முன்சக்கரம் வந்தது, நெளிந்து. பிறகு மாப்பிள்ளை. ஹெல்மெட் ஒரு பக்கம் நசுங்கி உள்ளே போயிருந்தது. திறந்த கண்களின் மேல் பனி படிந்திருந்தது, உருகவில்லை. அவன் யாரையும் பார்க்கவில்லை. ஹேண்டில்பாரில், மணி இருந்த வெறும் இடத்தை, கட்டைவிரல் பொறுமையாகத் தட்டியது. இரண்டு தடவை.

மூடிய கைக்குள் மணி அடித்தது.