நீலக் காளானின் பன்னிரண்டாவது படம்

நீலக் காளானை அவள் எடுத்தது பதினொரு படங்கள். கேமராவில் பன்னிரண்டு இருந்தன.

வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்கவே மாட்டார்கள். இவள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் நாள் முழுக்கக் குப்பிகளுக்கு எண் ஒட்டுகிறவள். காட்டுக்குப் போனாலும், எந்தக் காளானை எந்த மரத்தடியில் எத்தனை முறை படம் எடுத்தோம் என்று குறிப்பேட்டில் எழுதாமல் அடுத்த அடி வைக்கமாட்டாள். காளான்களைப் படமெடுக்கும் ஞாயிற்றுக்கிழமை நடைக்குழுவில் அவளுக்குக் கணக்குப்பிள்ளை என்றே பெயர்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து, முகம்கூடக் கழுவாமல் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து மறுபடியும் எண்ணினாள். பன்னிரண்டுதான். கடைசிப் படத்தில் அந்த நீலக் காளான் சின்னக் கீறல்கூட இல்லாமல் நின்றது. அதை ஒட்டினாற்போல, ஈரமண்ணில், அவளுடைய ஷூவின் தடம்.

அது நடக்க முடியாத காரியம். அந்தத் தடம் விழுந்தபோது காளான் அதற்கடியில் கூழாகிக் கிடந்தது. கூழாக்கியவளே அவள்தான்.

நான்கு வருடமாக அந்தக் குழுவோடு நடக்கிறாள். ஆரஞ்சு நிறக் கிண்ணங்கள், பவளம்போலக் கிளைவிட்டவை, மழைக்கு மறுநாள் மட்டும் தலைகாட்டும் மஞ்சள் குடைகள் என்று முழங்காலில் சேறு அப்பிக்கொள்ளத் தேடிப் படமெடுத்தவள். குழுவை நடத்தும் பல் டாக்டர் அவள் படங்களைப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு என்பார். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. அவளுடைய அண்ணி குழுவில் சேர்ந்து மூன்றே மாதம். கையில் திரை கீறிய செல்போன். ஊர்க்கதை பேசிக்கொண்டே வருவாள், சட்டென்று குனிவாள், அங்கே ஏதாவது இருக்கும். இவள் இருபது முறை தாண்டிப்போன கட்டைக்கு அடியில் இருக்கும். உங்க அண்ணிக்கு முழங்காலில் ஒரு கண் இருக்கிறது என்று டாக்டர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். அன்றைக்கு அண்ணி கண்டதை மட்டும் குறிப்பேட்டில் எழுதவில்லை.

காட்டு வாசலில் வைக்கப்போகும் பெரிய பலகைக்கு வனத்துறை ஒரே ஒரு படம் கேட்டிருந்தது. வியாழக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். இத்தனை வருடத்தில் அவள் வாய்விட்டுச் சொல்லாமல் ஆசைப்பட்டது அந்தப் பலகை ஒன்றுக்குத்தான். அந்த நேரம் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை நடையில், அண்ணி நீலக் காளானைக் கண்டுபிடித்தாள். டாக்டரே பார்த்திராத நீலம்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. காளானைக் கண்டவர் அதன் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும்; மற்றவர்கள் முடித்தபிறகு கடைசியில்தான் அவர் எடுக்கலாம். மற்றவர்கள் எடுத்துவிட்டு நடந்தார்கள். இவள் பதினொன்று எடுத்தாள். எழும்போது கால் வழுக்கியதுபோலக் குதிகாலை வைத்து, அழுத்தி, ஒரு திருப்புத் திருப்பினாள். ஐயோ அண்ணி, வழுக்கிவிட்டது என்றாள். அண்ணி செல்போனைப் பிடித்தபடியே அந்தக் கூழைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் இவளுக்கு இன்னும் எரிந்தது.

பக்கத்திலேயே இன்னொன்று இருந்திருக்கும் என்று இப்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சாப்பிடும் நேரத்தில் கேமராப் பைக்குக் காவல் இருந்தது அண்ணிதானே. நைசாகப் போய் எடுத்திருப்பாள். அந்தப் பன்னிரண்டாவது படத்தில் குடைக்குள்ளிருந்தே வெளிச்சம் கசிவதுபோல இருந்தது. தன்னுடைய பதினொன்றும் அதற்குப் பக்கத்தில் வெளிறிப்போய்த் தெரிந்தன. என் கேமராவிலும் அவள்தான் ஜெயிக்க வேண்டுமா? போனை எடுத்தாள்.

"அண்ணி, நேத்து என் கேமராவுல ஏதாவது எடுத்தீங்களா?"

"உன் கேமராவத் தொட எனக்கென்ன பைத்தியமா? பட்டனுக்கெல்லாம் நம்பர் ஒட்டி வச்சிருப்பே." அண்ணி சிரித்தாள். "புதன்கிழமை நான் போய்த் தேடிப் பாக்கலாம்னு இருக்கேன். நீயும் வாயேன், ரெண்டு பேருமா எடுப்போம்."

தலைவலி என்று சொல்லிவிட்டாள். செவ்வாய்க்கிழமை மதியமே அரைநாள் விடுப்பு போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

மழை விட்டு ஒரு மணிநேரம் ஆகியும் இலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. மட்கிய கட்டையும் பழைய துணியும் கலந்ததுபோன்ற ஒரு வாசனை தரையிலிருந்து எழுந்து முழங்கால் உயரத்திலேயே தங்கியிருந்தது, நடக்க நடக்க அதைக் காலால் தள்ளிக்கொண்டு போவதுபோல இருந்தது. பூச்சிகள் கத்தவில்லை. குச்சி நட்ட இடத்தில் கூழைக் காணோம். நீலக் காளான் நின்றது. அதற்கு அப்பால் ஒரு சின்னக் கொத்து. அதற்கு அப்பால் இன்னொன்று.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒவ்வொன்றையும் எடுத்தாள், எண் எழுதினாள், மிதித்தாள். நாளைக்கு அண்ணி வந்தால் ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாது. எடுத்தாள், எழுதினாள், மிதித்தாள். பாதை எப்போது பின்தங்கியது என்று தெரியவில்லை. பதினேழாவது கொத்துக்குப் பிறகு வரிசை நின்றுபோனது.

அந்தக் கடைசிக் கொத்தை மேலிருந்து எடுக்கலாமென்று கேமராவை உயர்த்தினாள். திரையில் பார்த்தபோதுதான் அதன் வடிவம் புரிந்தது. முன்னால் ஒரு பெரிய புள்ளி. பக்கத்தில் வரிசையாக நான்கு சின்னவை. பின்னால் நீண்டு, நடுவில் ஒடுங்கி, உருண்டு முடியும் நீலம்.

வலது கால்.

எடுத்த படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தாள். அதற்கு முன்னது இடது கால். அதற்கும் முன்னது வலது. எல்லா விரல்களும் காட்டின் உட்பக்கம் பார்த்திருந்தன. யாரோ வெறுங்காலோடு நடந்து போயிருக்கிறார்கள். அவள் பின்னாலேயே வந்திருக்கிறாள்.

இங்கே நின்றுபோன ஆள் எங்கே?

ஓடிவிட வேண்டும் என்று தோன்றியது. ஓடினால் இது நாளைக்கு அண்ணியின் கண்ணில் படும். அதுவும் தோன்றியது. ஒரே ஒரு படம். இதை உலகத்தில் வேறு யாரும் எடுத்ததில்லை.

நான்கடி தள்ளிப் பாசி அமுங்கியது.

சத்தமே இல்லை. பாசி மெல்லத் தாழ்ந்து, ஓரங்களில் நீர் கசிந்தது. பள்ளத்தில் ஐந்து நீலப் புள்ளிகள் முளைத்தன. இந்த முறை விரல்கள் அவளைப் பார்த்திருந்தன.

அவள் விசையை அழுத்தினாள். எண்ணவில்லை.

இடது. வலது.

வாசனை முழங்காலைத் தாண்டி ஏறியது. இடுப்பு. மார்பு. முகம்.

கேமராவைத் தாழ்த்தினாள். அவளுடைய ஷூ முனைகளுக்கு எதிரே, முனையோடு முனை இடிக்க, இரண்டு நீலப் பாதங்கள் முளைத்திருந்தன. அவற்றின் மேல் எதுவுமே இல்லை. அவற்றுக்குக் கீழே மண் இன்னும் அமுங்கிக்கொண்டிருந்தது.